மலையகத்துக் கல்லில் பழைய அழுத்தத்தை வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹற்றன், தலவாக்கலை, வெலிமடை, பண்டாரவளை, கம்பளை என்று எந்தப் பக்கம் போனாலும் ரோடு வெட்டிய இடத்தில் தெரிவது பெரும்பாலும் உருமாறிய பாறைதான். கண்டங்கள் ஒன்றோடொன்று மோதி, 'கொண்டுவானா' என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், அதாவது சுமார் 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் ஆழமாகப் போய்ச் சூடேறி மறுபடி மேலே வந்த கல் அது. எவ்வளவு ஆழம் போனது என்பதை அந்தக் கல்லிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எப்படிக் கேட்பது என்பதுதான் இங்கே விஷயம்.

உயர்தரத்தில் புவியியல் படித்தவர்களையும் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் முதலாம் ஆண்டில் இருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கனிமங்களின் பெயரை அவர்கள் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. புறப்படுமுன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கல் உடைக்கும் சுத்தியல், உளி, கண்ணுக்குக் கண்ணாடி, திசைகாட்டி, அழியாத மைப் பேனா, கெட்டியான பைகள், குறிப்புப் புத்தகம். சின்னப் போத்தலில் ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருந்தால் சலவைக்கல்லைச் சோதிக்க உதவும். புவிச்சரிதவியல் வரைபடத்தை ஒருநாள் முன்னாடியே பார்த்து, எந்த இடத்தில் எந்த வகைப் பாறை என்று குறித்துவையுங்கள். மலையில் நின்றுகொண்டு வரைபடத்தை விரித்தால் பாதி நாள் போய்விடும்.

காலமும் முக்கியம். ஹற்றன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை அடித்துக் கொட்டும். பெப்ரவரி, மார்ச்தான் அங்கே வசதி. ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்து கிடக்கும். மண்சரிவு எச்சரிக்கை இருக்கிற நாளில் வெட்டுமுகத்துக்குக் கீழே நிற்கவே வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மறந்த ஒருவரும் மலையகத்தில் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாறை முகத்துக்குக் கிட்டப் போகுமுன் மேலே நிமிர்ந்து குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்டால் எந்தப் பாறையில் கூடு இருக்கிறது என்று சரியாகச் சொல்வார்கள்.

தோட்டக் காணிக்குள் போவதென்றால் தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். சுத்தியலோடு வருகிற வெளியாளைப் பார்த்தால் மாணிக்கக்கல் தேடி வந்தவர் என்றுதான் முதலில் நினைப்பார்கள். "அண்ணே, கல்லு எப்படி உண்டானதுன்னு படிக்கிறோம்" என்று சொல்லி லென்ஸை அவர் கையில் கொடுங்கள். பார்த்த பிறகு அவரே நல்ல இடங்களைக் காட்டுவார். ஹோட்டன் சமவெளி போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கல் எடுக்கவே கூடாது. அங்கே பார்வையும் படமும் மட்டும்தான்.

2. எந்த அளவு அழுத்தம் என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்

கிலோபார் என்பது அழுத்த அளவு, கடல்மட்டக் காற்றழுத்தத்தின் சுமார் ஆயிரம் மடங்கு. 1 கிலோபார் என்றால் கண்ட ஓட்டில், அதாவது பூமியின் மேலோட்டில், ஏறக்குறைய 3.6 கிலோமீற்றர் ஆழம். 10 கிலோபார் என்றால் 36 கிலோமீற்றர். இந்தக் கணக்கு கைவசம் இருக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணையும் ஆழமாக மாற்றிப் பார்த்தால்தான் அது நடக்கக்கூடியதா என்று புரியும்.

மோதல் வலயங்களில் இரண்டு விதமான கற்கள் கிடைக்கும். கண்டத்தின் விளிம்பு மற்றக் கண்டத்துக்குக் கீழே வேகமாக இழுபட்டு, சூடேற நேரமில்லாமல் ஆழம் போனால் எக்லோஜைட் உண்டாகும்: சிவப்புக் கார்னட்டும் பச்சை ஒம்பசைட்டும் ஆகிய கனிமங்கள் இருக்கும், பிளேஜியோகிளேஸ் என்ற பெல்ட்ஸ்பார் வகை இருக்காது. லடாக்கின் சோ மொராரி, பாகிஸ்தானின் ககான் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் இமயமலை மோதல் விட்டுப்போன கற்கள் அப்படிப்பட்டவை. இன்னொரு விதம், ஓடு தடித்து, ஆழத்திலேயே நெடுங்காலம் கிடந்து நன்றாகச் சூடான கல். அது கிரனுலைட். நம் மலையகத்தின் 'ஹைலண்ட் கொம்ப்ளெக்ஸ்' என்ற பாறைத் தொகுதி இந்த இரண்டாவது வகை. இங்கே கிழக்கு, தென்கிழக்குப் பக்கமாக 9 கிலோபார் அளவும் 800 பாகை செல்சியஸுக்கு மேலும் காட்டும் கற்கள் இருக்கின்றன. வடமேற்கே போகப்போக அழுத்தம் 5, 6 கிலோபார் வரை குறைகிறது. கண்டியைச் சுற்றியுள்ள பகுதியில் சபிரின் என்ற கனிமம் உள்ள சில கற்கள் 900 பாகையையும் தாண்டியவை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் வழி மாறுகிறார்கள். 'உயர் அழுத்தம்' என்று படித்துவிட்டு நுவரெலியாவில் நீலப் படலப்பாறையைத் (blueschist) தேடுவார்கள். அது உயர் அழுத்தத்தில், ஆனால் குளிர்ந்த நிலையில் உண்டாவது. இவ்வளவு சூடு கண்ட கல்லில் அந்தக் கனிமங்கள் தங்காது. எதைத் தேடக்கூடாது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

3. பேசக்கூடிய கல்லைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாக் கல்லும் அழுத்தத்தைச் சொல்லாது. குவாட்சைட் 30 கிலோமீற்றர் ஆழம் போய்வந்தாலும் குவாட்ஸாகவே இருக்கும், மாறுவதற்கு அதில் வேறு பொருள் இல்லை. மாத்தளை, திகன பக்கத்துச் சலவைக்கல்லும் அழுத்த விஷயத்தில் அவ்வளவாக உதவாது. பச்சை கலந்த, எண்ணெய் தடவியது போன்ற சார்னோகைட் மலையகம் முழுக்க இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் கார்னட் இல்லாத சார்னோகைட்டிலிருந்து அழுத்தம் எடுப்பது கஷ்டம்.

தேட வேண்டியவை இரண்டு. ஒன்று, சேற்று வண்டல் உருமாறி வந்த கார்னட்–சிலிமனைட் நைஸ் (நைஸ் என்பது பட்டி பட்டியாகத் தெரியும் உருமாறிய பாறை). பல இடங்களில் பென்சில்கரியத் தகடுகளும் கலந்திருக்கும். மற்றது, கறுப்பு நைஸ் பட்டிகளாகவோ, வெளிறிய பாறைக்குள் அறுந்த துண்டுகளாகவோ கிடக்கும் கார்னட்–பைரொக்சீன் கல். என்னைக் கேட்டால் இந்தக் கறுப்புத் துண்டுகளைத்தான் முதலில் தேடச் சொல்வேன். சுற்றியுள்ள பாறை நசுங்கி வழிந்தபோதும் இவை உறுதியாக நின்றிருக்கும், பழைய கனிமங்களை அதிகம் காப்பாற்றி வைத்திருப்பவை இவைதான்.

எங்கே பார்ப்பது? ரோட்டு வெட்டு, ஆற்றுப் படுகை, கல்குவாரி. தேயிலை மலையில் தனியாகக் கிடக்கும் உருண்டைப் பாறையை விட்டுவிடுங்கள். அது மேலேயிருந்து உருண்டு வந்ததா, அங்கேயே சிதைந்து மிஞ்சியதா என்று சொல்ல முடியாது, இடம் தெரியாத கல்லின் அழுத்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. சிவந்து உதிரும் முகத்தையும் தொட வேண்டாம். நம் மழைக்குக் கார்னட் துருப்பிடித்து, பெல்ட்ஸ்பார் வெள்ளைக் களியாகி, உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாமல் போயிருக்கும்.

4. உடைக்குமுன் குறித்துக்கொள்ளுங்கள்

வரிசை இதுதான்: தூர நின்று ஒரு படம், கிட்ட வந்து அளவுக்குச் சுத்தியலை வைத்து ஒரு படம், படலங்களின் (கனிமங்கள் அடுக்கடுக்காக ஓடும் தளங்கள்) திசையும் சாய்வும், கல்லின் மேற்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி, ஜி.பி.எஸ் புள்ளி. அதற்கப்புறம்தான் சுத்தியல்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கார்னட் படலத்தை வெட்டிக்கொண்டு வளர்ந்ததா, படலம் கார்னட்டைச் சுற்றி வளைந்து போகிறதா என்ற கேள்வி பின்னால் கட்டாயம் வரும். கார்னட் முன்னதா, கல் நசுங்கியது முன்னதா என்பதை அதுதான் சொல்லும். உடைத்துப் பையில் போட்ட துண்டிலிருந்து அந்தப் பதிலை எடுக்க முடியாது. புதியவர்கள் வந்ததும் வராததுமாக அடிப்பார்கள், நல்ல முகம் தெறித்துப் போகும், அதற்கப்புறம் படமெடுப்பார்கள். நான் பார்த்த தவறுகளில் அதிகம் நடப்பது இதுதான்.

5. லென்ஸில் கனிமங்களைப் பிரித்தறியுங்கள்

புதிதாக உடைந்த முகத்தை நனைத்து, வெயிலுக்குத் திருப்பி, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கல்லை அருகே கொண்டுவாருங்கள். லென்ஸைக் கல்லில் வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது.

கார்னட் சிவப்பு அல்லது ஊதா கலந்த சிவப்பு, பிளவுத் தளம் இல்லை, கண்ணாடி போல உடையும். துருப் பொட்டைக் கார்னட் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கத்தி முனையால் கீறிப் பாருங்கள், துரு உதிரும், கார்னட் அசையாது. சிலிமனைட் வெள்ளை ஊசிகளாகப் பட்டு மினுக்கத்தோடு கார்னட்டைச் சுற்றி ஓடும். சிதைந்த பெல்ட்ஸ்பாரும் வெள்ளைதான், ஆனால் அதில் ஊசி இருக்காது. கறுப்பாக மினுங்கும் தகடு பயோட்டைட்டா பென்சில்கரியமா என்ற சந்தேகம் வந்தால் தாளில் தேயுங்கள். சாம்பல் கோடு விழுந்தால் பென்சில்கரியம்.

கறுப்புக் கல்லில்தான் பொறுமை வேண்டும். ஹோர்ன்பிளெண்டும் பைரொக்சீனும் இரண்டும் கறுப்பாகத் தெரியும். பிளவுத் தளங்கள் ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்தித்தால் பைரொக்சீன், 56க்கு 124 பாகை என்று சரிந்து சந்தித்தால் ஹோர்ன்பிளெண்ட். பைரொக்சீனிலும் இரண்டு உண்டு: செம்பழுப்பாக, வெண்கல மினுக்கத்தோடு இருப்பது ஓர்தோபைரொக்சீன், கரும்பச்சை கிளினோபைரொக்சீன். இந்தப் பிரிப்பை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள், அழுத்தத்தின் முதல் மதிப்பீடே இதில்தான் நிற்கிறது. குவாட்ஸும் உள்ள கறுப்புக் கல்லில் ஓர்தோபைரொக்சீனும் பிளேஜியோகிளேஸும் மட்டும் இருந்து கார்னட் இல்லையென்றால் குறைந்த அழுத்தம். கார்னட்டும் சேர்ந்து இருந்தால் நடுத்தரம். கார்னட், கிளினோபைரொக்சீன், பிளேஜியோகிளேஸ், குவாட்ஸ் இருந்து ஓர்தோபைரொக்சீன் காணாமல் போனால் உயர் அழுத்தக் கிரனுலைட். பிளேஜியோகிளேஸும் போய்விட்டால் எக்லோஜைட். கல்லின் இரசாயனக் கூட்டைப் பொறுத்து அதற்குச் சுமார் 12 முதல் 16 கிலோபார் வேண்டும்.

குவாட்ஸ் இல்லாத கல்லுக்கு இந்த அளவுகோலைப் போடாதீர்கள். கார்னட் கல்லின் இரும்பு அளவைப் பொறுத்தும் முந்தியோ பிந்தியோ தோன்றும். ஒரு கார்னட்டைக் கண்டவுடன் "ஆழம்!" என்று எழுதிவிட வேண்டாம்.

6. எது எதைத் தின்றது என்று பாருங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, நேரத்தை இங்கே செலவழியுங்கள். ஒரு கல்லில் உள்ள கனிமங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உண்டானவை அல்ல. பட்டியல் போட்டுவிட்டு அப்படியே அழுத்தம் கணித்தால், ஆழத்தில் இருந்த கனிமத்தையும் மேலே வரும் வழியில் பிறந்த கனிமத்தையும் ஒன்றாகக் கலந்து, எந்தக் காலத்திலும் இல்லாத ஓர் எண்ணைத்தான் பெறுவீர்கள்.

கறுப்புக் கல்லில் கார்னட்டின் விளிம்பைப் பாருங்கள். நடுவில் சிவப்புக் கார்னட், அதைச் சுற்றி மில்லிமீற்றர் அகலத்தில் வெள்ளையும் பழுப்பும் பொடியாகக் கலந்த வளையம், அதற்கு வெளியே குவாட்ஸ் அல்லது கிளினோபைரொக்சீன். அந்த வளையத்தில் பிளேஜியோகிளேஸும் ஓர்தோபைரொக்சீனும் புட்டில் மாவும் தேங்காய்ப்பூவும் கலந்திருப்பது போலப் பின்னிக் கிடக்கும். கார்னட் வெளியே உள்ளவற்றோடு சேர்ந்து கரைந்து இந்த இரண்டையும் உண்டாக்கியிருக்கிறது. கார்னட் நெருக்கமாக அடுக்கப்பட்ட கனமான கனிமம், பிளேஜியோகிளேஸ் அதிக இடம் பிடிக்கும் இலகுவான கனிமம். மேலே இருக்கிற பாரம் குறைந்தால்தான் இடம் பிடிப்பது வெல்லும். ஆகவே இந்த வளையம் சொல்வது: கல் சூடாக இருக்கும்போதே மேலே வந்தது.

இப்போது நேர் எதிரான ஒன்று. ஓர்தோபைரொக்சீன் மணியும் பிளேஜியோகிளேஸ் மணியும் தொடும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே நூல் மாதிரி மெல்லிய சிவப்புக் கார்னட். இங்கே கார்னட் புதிது, மற்ற இரண்டும் பழசு. கல் ஆழத்தில் இருந்தபடியே ஆறினாலும் இப்படி வரும், அழுத்தம் கூடினாலும் வரும். மலையகக் கற்களில் இந்த இரண்டு காட்சிகளும் உண்டு. பைரொக்சீனும் பிளேஜியோகிளேஸும் கார்னட்டும் இரண்டிலும் இருப்பதால் பட்டியல் மட்டும் போட்டால் இரண்டு கல்லும் ஒன்றுதான். எது நடுவில், எது சுற்றி என்று பார்த்தால் மட்டும் இரண்டு வேறு வரலாறுகள்.

ஆகவே குறிப்புப் புத்தகத்தில் கட்டாயம் படம் வரையுங்கள். கைபேசிப் படம் போதாது. வரையும்போதுதான் எந்த மணி எதைத் தொடுகிறது என்று கண் தானாகக் கவனிக்கும்.

இங்கே இரண்டு ஏமாற்று வேலைகள் உண்டு. கார்னட்டைச் சுற்றிப் பயோட்டைட் வந்திருந்தால் அது பெரும்பாலும் ஆறும்போது நீர் அல்லது மிச்ச உருகுபாறை திரும்பி வந்து வேலை செய்த அடையாளம். அழுத்தம் குறைந்ததற்குச் சாட்சியாக எடுக்க முடியாது. அடுத்து, கார்னட்டின் இரண்டு பக்கமும் மட்டும் வால் போல வெள்ளைக் கனிமம் நீண்டிருந்தால் அது கல் இழுபட்டபோது நிரம்பிய இடம். வளையம் என்றால் சுற்றிவர இருக்க வேண்டும்.

7. கார்னட்டின் வயிற்றுக்குள் பாருங்கள்

இதற்கு லென்ஸ் போதாது. கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவி, முனைவாக்கிய ஒளி நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் ஆய்வுகூடத்தில் கேளுங்கள். வெளியே இருப்பவர்கள் பேராதனைப் புவிச்சரிதவியல் துறை போன்ற இடத்தோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்வதுதான் வழி.

கார்னட் வளரும்போது பக்கத்தில் இருந்த சின்ன மணிகளை உள்ளே மூடிக்கொள்ளும், மூடியது வெளி மாற்றங்களிலிருந்து தப்பிவிடும். இங்கத்தைய கார்னட்–சிலிமனைட் நைஸில் வெளியே முழுக்கச் சிலிமனைட், ஆனால் சில கார்னட்டுகளுக்கு உள்ளே கயனைட். இரண்டுக்கும் ஒரே இரசாயனக் கூட்டு. கயனைட் நெருக்கமான அமைப்பு, அழுத்தத்தை விரும்பும், சிலிமனைட் சூட்டை விரும்பும். அந்தக் கல் கயனைட் நிலைத்திருக்கும் நிலைமை வழியாகப் போய், பிறகு இன்னும் சூடாகிச் சிலிமனைட்டுக்கு வந்திருக்கிறது.

கயனைட்டைக் கண்டதும் "இதுதான் உச்ச அழுத்தம்" என்று எழுதாதீர்கள். கயனைட், சிலிமனைட், அதே கூட்டுள்ள அந்தலுசைட் மூன்றும் சந்திக்கும் புள்ளி சுமார் 500 பாகை, 4 கிலோபார். அதற்கு மேலே கயனைட்டின் பரப்பு மிக அகலம். உள்ளே கிடக்கும் கயனைட் பாதையில் ஒரு கட்டத்தைத்தான் சொல்கிறது.

இதே முறையால்தான் மோதல் வலயங்களின் பெரிய ஆழங்கள் தெரியவந்தன. 1984இல் பிரெஞ்சுப் புவிச்சரிதவியலாளர் கிறிஸ்டியன் ஷோபின் மேற்கு அல்ப்ஸின் டோரா மைராவில் கார்னட்டுக்குள் கோசைட்டைக் காட்டினார். கோசைட் என்பது குவாட்ஸின் அழுத்த வடிவம், 27 கிலோபார் போல வேண்டும், அதாவது 90 கிலோமீற்றருக்கும் கீழே. மேலே வரும்போது கோசைட் குவாட்ஸாக மாறினால் கன அளவு ஏறத்தாழ 10 வீதம் கூடும், சுற்றியுள்ள கார்னட் நாலாபக்கமும் வெடிக்கும். அந்த வெடிப்புக் கோடுகளைப் பார்த்தே சந்தேகப்படலாம். ஆனால் வெடிப்பு மட்டும் சாட்சி ஆகாது, கார்னட் வேறு காரணங்களாலும் வெடிக்கும்.

8. எண்ணுக்குப் போகும்போது சோடியைச் சரியாகச் சேருங்கள்

எண் வருவது கனிமங்களின் இரசாயனக் கூட்டிலிருந்து. கார்னட், பிளேஜியோகிளேஸ், சிலிமனைட், குவாட்ஸ் ஒன்றாக உள்ள கல்லில் அழுத்தம் கூடக்கூடப் பிளேஜியோகிளேஸின் கல்சியம் கார்னட்டுக்குள் போகும், ஏனென்றால் அந்தப் பக்கம் கன அளவு குறைவு. வெப்பநிலைக்குக் கார்னட்டும் பயோட்டைட்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் பரிமாறுவதைப் பார்ப்பார்கள். அதில் கன அளவு அவ்வளவாக மாறாது, ஆகவே சூட்டுக்குத்தான் அசையும். அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அச்சுகளாகக் கொண்ட வரைபில், அழுத்தக் கோடும் வெப்பக் கோடும் வெட்டும் இடம் பதில்.

வெட்டும் இடம் எப்போதும் கிடைக்கும், தவறான மணிகளைச் சேர்த்தாலும் கிடைக்கும். அதுதான் ஆபத்து. கார்னட்டின் நடுவை எடுத்து, வளையத்தில் பிறந்த பிளேஜியோகிளேஸோடு சோடி சேர்த்தால் கணினி ஒரு முறைப்பாடும் சொல்லாமல் எண்ணைத் தரும். ஆறாவது படியில் வரைந்த படம் இல்லாமல் இங்கே வரக்கூடாது என்று சொல்வது இதனால்தான். ஒன்றையொன்று தொட்டு, ஒரே கட்டத்தில் வளர்ந்தவற்றை மட்டும் சேருங்கள்.

இன்னொன்று: நம் கற்கள் மிகச் சூடானவை. ஆறும்போதும் இரும்பும் மக்னீசியமும் ஓடிக்கொண்டே இருந்திருக்கும், கல்சியம் மெதுவாகத்தான் நகரும். அதனால் வெப்பநிலை உச்சத்தை விடக் குறைவாக வரும், அந்தக் குறைந்த வெப்பநிலையை வைத்து எடுத்த அழுத்தமும் குறைந்து போகும். 650 பாகை, 5 கிலோபார் என்று வந்தால் உடனே நம்பாதீர்கள். கல்லில் கிரனுலைட் கனிமங்கள் இருக்கும்போது அந்த எண் ஆறிய கட்டத்துடையது. விடையை எழுதும்போது கூட்டல் கழித்தல் 1 கிலோபாராவது போடுங்கள். அது 3.6 கிலோமீற்றர். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதுவதில் அர்த்தமில்லை.

ஒரு சரிபார்ப்பு. 9 கிலோபார் என்றால் 32 கிலோமீற்றர். இலங்கையின் ஓடு இன்றைக்கும் 30 முதல் 40 கிலோமீற்றர் தடிப்பு. கல்லுக்கு மேலே இருந்ததையும் இன்று கீழே இருப்பதையும் கூட்டினால் அன்றைக்கு மொத்தத் தடிப்பு 60, 70 கிலோமீற்றர் இருந்திருக்கலாம், இன்றைய திபெத்தின் ஓடு போல. கண்ட மோதலுக்கு இது பொருந்தும். உங்கள் எண் 18 கிலோபார் என்று வந்து, கல்லில் பிளேஜியோகிளேஸ் தாராளமாக இருந்தால், கணக்கை மறுபடி பாருங்கள்.

9. வயதைக் கடைசியில் சேருங்கள்

சிர்க்கோன், மொனசைட் என்ற கனிமங்களின் மணிகளில் யுரேனியம்–ஈய முறையால் வயது வரும். அந்த வயது அழுத்த உச்சத்துடையது என்று எடுத்துக்கொள்வது பரவலான தவறு. உருகிய பாறை ஆறும்போதும் சிர்க்கோன் வளரும். மணி கார்னட்டுக்குள் கிடந்ததா, வளையத்தில் கிடந்ததா என்று தெரிந்தால் மட்டும் வயதையும் அழுத்தத்தையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

10. மீதித் துண்டை வைத்திருங்கள்

சீவல் எடுத்த பிறகு மிஞ்சும் கட்டையை எறியாதீர்கள். ஆறு மாதம் கழித்து "இந்தக் கார்னட்டைச் சுற்றிக் குவாட்ஸ் இருந்ததா?" என்று கேள்வி வரும்போது அதே இடத்தில் இன்னொரு சீவல் போட வேண்டியிருக்கும், ரோடு அகலமாக்கினாலோ வலை அடித்துக் கொங்கிரீட் பூசினாலோ வெட்டுமுகமே இல்லாமல் போயிருக்கலாம். இலக்கத்தை ஒட்டுத்தாளில் எழுதினால் மலையகத்து ஈரத்துக்கு உரிந்துவிடும். கல்லின் மேலேயே வெள்ளைப் பெயின்ற் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் மையால் எழுதுங்கள், அதே இலக்கத்தைப் பையிலும் புத்தகத்திலும் போடுங்கள்.